வேலிப் பொட்டும் மூன்று சிரட்டையும்: நாயின் யோசனையை வீட்டிலேயே கவனிப்பது எப்படி

கை கொடுப்பதும் ‘இரு’ என்றதும் இருப்பதும் நீங்கள் பழக்கியதன் பலன். வேலிப் பொட்டுக்குள்ளால் தினமும் ஒழுங்கைக்குப் போய்வருகிற நாய்க்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பொட்டைப் பனைமட்டை வைத்து அடைத்த அன்று அது என்ன செய்கிறது? அங்கேயே நின்று விறாண்டுகிறதா, வேலி நீளத்துக்கு மணந்துகொண்டு போய் வேறு இடம் தேடுகிறதா, படலையடிக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? யோசனை தெரிவது அங்கேதான். கீழே உள்ள சோதனைகள் எல்லாம் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன.

காலை 7 மணிக்கு முன்போ பின்னேரம் 5 மணிக்குப் பின்போ வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இளைக்கிற நாய் எதையும் யோசிக்காது. சாப்பிட்டு 3, 4 மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். உப்பும் தூளும் போடாமல் அவித்த, எலும்பில்லாத கோழி இறைச்சியைக் கடலை அளவில் 30 துண்டாக வெட்டுங்கள். கறிச்சட்டியில் இருந்து எடுக்க வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். ஒரு தரத்துக்கு 10 நிமிடம் போதும். வேறு நாய் இருந்தால் அதைக் கண்ணில் படாத இடத்தில் கட்டுங்கள்.

முதலில் சிரட்டை. கண் இல்லாத பாதியாக, விளிம்பு தேய்த்த 3 சிரட்டை எடுங்கள். நாய் பார்த்திருக்க ஒரு துண்டை நிலத்தில் வைத்து ஒரு சிரட்டையால் மூடுங்கள். எவ்வளவு நேரத்தில் எடுத்தது என்பதைவிட, எத்தனை விதமாக முயன்றது என்பதைக் குறியுங்கள். மூக்கால் தள்ளிச் சரிவராமல் காலால் தட்டி, பிறகு விளிம்பைக் கடித்துப் புரட்டுகிற நாய், அரை நிமிடம் பிந்தினாலும் நல்ல யோசனைக்காரன். சீமெந்துத் தரையில் சிரட்டை வழுக்கி ஓடி, நாய் தற்செயலாக வென்றுவிடும். முற்றத்து மண்ணில் செய்யுங்கள்.

அடுத்தது, கை காட்டினால் விளங்குகிறதா என்பது. இரண்டு சிரட்டையை ஒன்றரை மீற்றர் இடைவெளியில் கவிழ்த்து, நாயை 2 மீற்றர் தள்ளி ஒருவர் பிடித்திருக்கட்டும். ஒன்றின் கீழ் இரையை நாய்க்குத் தெரியாமல் வையுங்கள். நடுவில் நின்று அதைச் சுட்டி, நாயை விடச் சொல்லுங்கள். 10 தடவை. ஒரே பக்கம் தொடர்ந்து 2 தடவைக்கு மேல் வரக் கூடாது. குருட்டுவாக்கில் போனாலே 5 சரிவரும். 9, 10 வந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். இரண்டு பக்கமும் சமமாக வைத்திருந்தால், எப்போதும் வலப்பக்கமே ஓடுகிற நாய்க்கும் சரியாக 5தான் வரும், ஆகவே பக்கத்தையும் எழுதுங்கள்.

அநேகமானோர் ஏமாறுவது இங்கேதான், இரண்டு காரணத்தால். ஒன்று மூக்கு: இரண்டு சிரட்டையின் உட்புறத்திலும் இறைச்சியைத் தேயுங்கள். பிறகு கையைக் கட்டி நிலத்தைப் பார்த்தபடி இன்னொரு 10 தடவை செய்யுங்கள். அப்போதும் 9 வந்தால் அது மணம் பிடிக்கிறது, உங்கள் கையைப் பார்க்கவில்லை. மற்றது உங்கள் உடம்பு. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பேர்பெற்ற ஹான்ஸ் என்ற குதிரை, கேட்பவரின் தலை அசைவைப் பார்த்தே குளம்படிப்பதை நிறுத்தியது என்று 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் காட்டினார். நாயும் அப்படியே உங்களைக் கூர்ந்து கவனிக்கும். நாயைப் பிடித்திருப்பவருக்கு இரை எங்கே என்று தெரியவே கூடாது.

சுற்றிப்போகிற சோதனைக்குக் கொஞ்சம் மினக்கெட வேண்டும், ஆனால் மிகத் தெளிவாகக் காட்டுவது இதுதான். கிடுகு வேலி சரிவராது, நாய்க்கு உள்ளே தெரிய வேண்டும். ஒரு மீற்றர் உயரக் கோழிக்கூட்டு வலை 6 மீற்றர், கதியால் 3. பக்கத்துக்கு 3 மீற்றராக இரண்டு சிறகு விரிந்தது போல நட்டு, உள்மூலையில் இரையை வைத்து, நாயை அதே மூலைக்கு வெளிப்புறம் விடுங்கள். இரையை அடைய அது முதலில் இரையை விட்டு விலகி ஓட வேண்டும், கஷ்டம் அதுதான். ஒரு நிமிடத்தில் முடியாவிட்டால் நீங்களே கூப்பிட்டுப் பேசிக்கொண்டு சுற்றி நடந்து காட்டுங்கள். மனிதர் நடந்ததைக் கண்ட நாய்கள் விரைவாகக் கற்கின்றன என்று புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வலையின் அடிப்பகுதியை மண்ணில் புதையுங்கள். இல்லாவிட்டால் தோண்டிப் புகுந்துவிடும். (அதுவும் ஒரு தீர்வுதான், அதையும் எழுதி வையுங்கள்.)

இரையை வைத்து இறுக மூடிய ஒரு பெட்டியைக் கொடுத்து, அதைத் திறக்க முடியாமல் நாய் உங்களைத் திரும்பிப் பார்த்தால் தோல்வி என்று எழுத வேண்டாம். மனிதர் வளர்த்த ஓநாய்களையும் நாய்களையும் ஒப்பிட்ட 2003ஆம் ஆண்டு ஆய்வில், ஓநாய்கள் தாமே முயன்றுகொண்டிருக்க, நாய்கள் முந்தியும் நீண்ட நேரமும் மனிதர் முகத்தைப் பார்த்தன. உதவி எங்கே இருக்கிறது என்று நாய்க்குத் தெரியும். அப்படிப் பார்த்ததும் பெட்டியைத் திறந்துவிடுங்கள். காக்கவைத்தால் அடுத்த முறை பக்கத்திலேயே வராது.

பத்து வயது தாண்டிய நாய் இவற்றில் பிந்துவது இயல்பு. ஆனால் வருடக்கணக்காகப் போய்வந்த படலையில் திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுப் பிணைச்சல் பக்கம் போய் நிற்கிறது, மூலைக்குள் போய் வெளியே வரத் தெரியாமல் நிற்கிறது என்றால் சோதனையை நிறுத்தி மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மூளைத் தளர்ச்சியின் அடையாளமாக அது இருக்கலாம். கண் மங்கலும் மூட்டு நோவும் அப்படியே தோன்றக்கூடும், அவற்றுக்குப் பெரும்பாலும் சிகிச்சை உண்டு.