பட், அன்லெஸ், பிகாஸ்: வேரிலிருந்து சொல்லிக்கொடுங்கள்

சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் மாலை டியூஷன் எடுக்கிறேன். ஆங்கில இணைப்புச் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். எங்கிருந்து வந்தன என்று சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

முதலில் 'பட்'. பழைய ஆங்கிலத்தில் இதற்கு 'வெளியே', 'இல்லாமல்' என்று பொருள். 'ஆல் பட் ஒன்' என்றால் 'ஒன்றைத் தவிர எல்லாம்'. "ஒரு கூடையைத் தவிர எல்லாம் ஏலத்தில் போயிடுச்சு" என்று சொல்லிப் பாருங்கள், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். 'ஆனால்' என்ற பொருள் பிறகு வளர்ந்தது.

'பிகாஸ்' சுலபம்: 'பை', 'காஸ்' இரண்டும் ஒட்டியது, அதாவது 'காரணத்தால்'.

அதிகம் தடுக்கிவிழும் இடம் 'அன்லெஸ்'. 'ஆன் லெஸ்', அதாவது 'இதற்குக் குறைந்த நிபந்தனையில்' என்பதிலிருந்து வந்த சொல். நம் 'ஒழிய' இதற்கு அப்படியே பொருந்தும். இல்லை என்கிற பொருள் உள்ளேயே இருப்பதால் அதே பகுதியில் இன்னொரு 'நாட்' வேண்டாம். போன வாரம் ஒரு ஏழாம் வகுப்புப் பெண், 'அன்லெஸ் தி போட் டஸ் நாட் கம், வீ வில் நாட் கெட் ஃபிஷ்' என்று எழுதியிருந்தாள். திருத்தவில்லை, தமிழில் வாசிக்கச் சொன்னேன். "படகு வராவிட்டாலொழிய மீன் கிடைக்காது..." பாதியிலேயே நிறுத்தி, ரப்பரை எடுத்துத் தானே அழித்தாள்.

அப்புறம் 'ஆல்தோ', அதாவது 'என்றாலும்'. அதில் வாக்கியத்தைத் தொடங்கினால் நடுவில் 'பட்' போடக் கூடாது. ஒரு முடிச்சு போதும்.