பால் மறக்கடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் பிறந்தநாள் முடிந்ததுமே “இன்னுமா பால் குடிக்கிறான்?” என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நச்சரிப்பு தாங்காமல் அவசரப்பட்டு நிறுத்துகிற புதுத் தாய்மார்கள், அவர்களுடைய அம்மாக்கள் செய்த அதே தவறுகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள்.

ஒரு வயதுக்கு மேல் பாலில் சத்தில்லை என்று நம்புவது

இருக்கிறது. 12 முதல் 24 மாதம் வரை குழந்தைக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இரண்டு வயது வரை. தாயும் பிள்ளையும் விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

பால் ஈடுகட்டாதது இரும்புச்சத்தை. அது சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். இந்த வயதில் 250 மி.லி. கிண்ணத்தில் முக்கால் முதல் ஒரு கிண்ணம் வரை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. இடையில் ஒன்றிரண்டு தடவை பழமோ சுண்டலோ (நன்றாக மசித்து). இவ்வளவு உள்ளே போகாமல் நாள் முழுக்க மடியிலேயே கிடக்கும் குழந்தைக்குப் பகல் பாலைக் குறையுங்கள். அதற்காக அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

ஒரே நாளில் நிறுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் நடக்கிறது. வேப்பெண்ணெயைத் தடவுவார்கள், இல்லையென்றால் குழந்தையை நாலு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை அழுது ஓய்ந்ததும் காரியம் முடிந்தது என்று நினைப்பு. நேற்றுவரை ஐந்து வேளை குடித்த கணக்குக்குச் சுரக்கும் மார்பு, இன்றைக்கே நின்றுவிடாது. இரண்டாம் மூன்றாம் நாளில் பால் கட்டி, கல் மாதிரி இறுகி, கையைத் தூக்க முடியாமல் வலிக்கும்.

அப்போது செய்வது இன்னும் மோசம்: துணியால் இறுக்கிக் கட்டுவது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கத்தைக் குறை சொல்லவில்லை; பூ பால் சுரப்பைக் குறைப்பதாக வேலூரில் நடந்து 1988-ல் வெளியான ஆய்வு ஒன்றே உண்டு. கெடுதல் அந்த இறுக்கத்தில். பால் தேங்கி, அழற்சியாகி, கவனிக்காவிட்டால் சீழ் கட்டும். பிறகு ஊசி போட்டு உறிஞ்சியோ கீறியோதான் எடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. குழந்தை அதிகம் கேட்காத வேளையை முதலில் விடுங்கள். பெரும்பாலும் அது நடுப்பகல். மூன்று முதல் ஏழு நாள் கழித்து அடுத்த வேளை. தூங்க வைக்கும் பால் கடைசி. ஐந்து வேளை குடிக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு மாதம் ஆகும், ஆகட்டும். இடையில் மார்பு இறுகினால் வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சுங்கள். முழுக்கக் காலி செய்தால் மறுபடி சுரக்கும். குளிர்ந்த துணியைப் பத்து நிமிடம் வைக்கலாம்.

ஓரிடத்தில் சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அந்தச் சமயத்தில் அந்தப் பக்கப் பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை குடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பால் வற்றும் மாத்திரையை மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. அவற்றில் சில, ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பக்கவாதம் வரை கொண்டுபோகக் கூடியவை.

காய்ச்சல், பேதி சமயத்தில் தொடங்குவது

கூடாது.

அடுத்தது தங்கியதும் பறிப்பது

சிக்கலில்லாத கர்ப்பத்தில் தேவையில்லை. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களும் ரத்தக்கசிவு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்கட்டும். மாதம் ஏற ஏறப் பால் குறைவதால் பல குழந்தைகள் தாமாகவே விட்டுவிடும்.

பசும்பாலை ஊற்றி ஈடுகட்டுவது

தாய்ப்பாலை விட்ட குழந்தைக்கு நாளுக்கு 400, மிஞ்சினால் 500 மி.லி. போதும், அதுவும் டம்ளரில். அதற்கு மேல் போனால் சோறு இறங்காது, ரத்தச்சோகை வரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அரசு தரும் இரும்புச்சத்து சிரப் வாரம் இரண்டு முறை, ஒரு மி.லி. வீதம். அதைப் பாலில் கலந்து கொடுக்காதீர்கள். சத்து உடம்பில் சேராது.