சுண்டுவிரல் நகமளவு போதும்: நாய்க்கு வீட்டிலேயே தின்பண்டம்

நாய்க்குத் தின்பண்டம் செய்யப் பெரிய சமையல் திறமை தேவையில்லை, நறுக்கும் பொறுமைதான் வேண்டும். துண்டு எவ்வளவு பெரிது என்று நாய் பார்ப்பதில்லை. எத்தனை முறை கிடைத்தது என்பதுதான் அதற்குக் கணக்கு. எங்கள் குட்டானுக்கு உள்ளங்கை அகல பிஸ்கட் ஒன்றைக் கொடுத்தால், கடித்தும் கடிக்காமலும் விழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்று கையைப் பார்ப்பான். அதையே எட்டாக உடைத்துக் கொடுத்தால் எட்டு முறை சொன்ன பேச்சைக் கேட்பான். அதனால் இங்கே சொல்லும் எதைச் செய்தாலும் சுண்டுவிரல் நகமளவுக்கு வெட்டுங்கள். சின்ன நாய் என்றால் அதிலும் பாதி.

அளவு விஷயத்தை முதலிலேயே பேசிவிடுவோம். ஒரு நாளில் நாய்க்குப் போகும் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டமாக இருக்கக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. கருத்தடை செய்த, வளர்ந்த, 12 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 700 கலோரி தேவை. அப்படியானால் தின்பண்டத்துக்கு 70. தோல் நீக்கி வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 40 கிராம் கொடுத்தாலே அது தீர்ந்துவிடும். வீட்டில் நாலு பேர் இருந்தால், நாலு பேரும் "நான் ஒண்ணுதான் கொடுத்தேன்" என்பார்கள். நாங்கள் காலையிலேயே அன்றைய பங்கை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்துவிடுவோம். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான், எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் சரி.

அடிக்கடி நான் செய்வது ஓட்ஸ் பரங்கிக்காய் பிஸ்கட். ஓட்ஸ் 150 கிராம், பரங்கிக்காய் மசியல் 100 கிராம், முட்டை ஒன்று. அவ்வளவே. ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். பரங்கிக்காயைத் தண்ணீரில் போட்டு வேகவைக்காமல், தோலும் விதையும் நீக்கி ஆவியில் வேகவைப்பது நல்லது. இல்லையென்றால் தண்ணீரைக் குடித்துக்கொண்டு மாவைக் கூழாக்கிவிடும். மசித்த பிறகும் தளரத் தெரிந்தால், எண்ணெய் விடாத வாணலியில் சிறு தீயில் சற்று நேரம் கிளறுங்கள். கரண்டியால் இழுத்த தடம் மூடாமல் அப்படியே நிற்க வேண்டும், அதுதான் பதம். ஆறியதும் முட்டையும் ஓட்ஸ் மாவும் சேர்த்துப் பிசைந்து கால் மணி நேரம் மூடி வையுங்கள். பிசைந்த உடனே கையில் ஒட்டும். பயந்துபோய் மாவைக் கொட்ட வேண்டாம், ஓட்ஸ் மெல்ல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்புறமும் ஒட்டினால் மட்டும் ஒரு ஸ்பூன் மாவு சேருங்கள்.

இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, கத்தியால் கட்டம் போட்டு வெட்டிவிடுங்கள். எலும்பு வடிவ அச்செல்லாம் நமக்குத்தான், அதற்கில்லை. ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு கதவைச் சற்றே திறந்து, உள்ளேயே ஆற விடுங்கள். ஒரு துண்டை உடைத்தால் "டக்" என்று உடைய வேண்டும். வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும். ஓவன் இல்லாவிட்டால் அடிகனமான தவாவில் சிறு தீயில் இருபுறமும் வாட்டலாம். மொறுமொறுப்பு வராது, ஆனால் நாய் புகார் சொல்லப்போவதில்லை. மேற்சொன்ன அளவில் 120 துண்டுகள் போட்டால் ஒன்று சுமார் 5, 6 கலோரிதான்.

உப்பு, சர்க்கரை, சோடா எதுவும் வேண்டாம். நம் நாக்குக்குச் சப்பென்றுதான் இருக்கும், இருக்கட்டும். நாய் முதலில் சாப்பிடுவது மூக்கால்.

அந்த மூக்குக்கு ஈரலுக்கு மேல் எதுவும் இல்லை. கோழி ஈரலை உள்ளே சிவப்பு போகும்வரை வேகவைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்து, பொடியாக நறுக்கி 120 டிகிரியில் காய்ந்து சுருங்கும்வரை வையுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுச் செய்யுங்கள், வாசனை சாயங்காலம்வரை வீட்டை விட்டுப் போகாது. ஆனால் இது தினசரிப் பண்டம் அல்ல. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம். நாள் தவறாமல் நிறையக் கொடுத்தால் உடம்பில் சேர்ந்து கெடுதல் செய்யும். புதிதாக ஏதாவது பழக்கும் நாட்களுக்கென்று ஒதுக்கி வைப்பது என் வழக்கம்.

பல் போன நாய்க்கு இதெல்லாம் ஆகாது. எங்கள் ராணிக்கு வேகவைத்த கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, இவைதான். கோழி வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து, மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிட்டு ஐஸ் தட்டில் ஊற்றி வைத்தாலும் நக்கித் தீர்ப்பாள். கொழுப்பைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், அது சில நாய்களுக்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரும். எலும்போடு வேகவைத்திருந்தால் வடிகட்டி எலும்பைக் குப்பையில் போடுங்கள். வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடையும்.

இனி சேர்க்கவே கூடாதவை. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை பற்றிப் பலருக்கும் தெரியும். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது, பொடியாக்கினால் இன்னும் செறிவாகும். அதனால் கடையில் வாங்கும் சூப் பொடி, சூப் கட்டி எதையும் ருசிக்காகச் சேர்க்காதீர்கள். மக்கடேமியா கொட்டை, ஜாதிக்காய், ஈஸ்ட் போட்ட பச்சை மாவு இவையும் ஆகாது. நான் அதிகம் பயப்படுவது சைலிட்டாலுக்கு. சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் இனிப்பு அது. நாயின் உடம்பில் இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை விழுந்துவிடலாம். கல்லீரலும் பாதிக்கப்படலாம். சர்க்கரை சேர்க்காதது என்று போட்ட சில வேர்க்கடலை வெண்ணெய்களில் அது இருக்கிறது. லேபிளில் பிர்ச் சர்க்கரை என்ற பெயரிலும் வரும். வேர்க்கடலை மட்டுமே உள்ளது கிடைத்தால் வாங்குங்கள், சந்தேகமென்றால் விட்டுவிடுங்கள். தெரியாமல் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

புதிய பொருள் எதுவானாலும் முதல் நாள் ஒரே ஒரு துண்டு. மறுநாள் வயிறு இளகினாலோ, காதைச் சொறிந்தாலோ அந்தப் பொருளை நிறுத்துங்கள். சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு உள்ள நாய்க்கு, எதைச் செய்வதற்கு முன்பும் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிஸ்கட் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். இறைச்சி, கிழங்குத் துண்டுகள் என்றால் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள்தான். மிச்சத்தைத் தட்டில் பரப்பி உறையவைத்து, அப்புறம் பையில் கொட்டி ஃபிரீசரில் வையுங்கள். அப்படிச் செய்தால் ஒன்றோடொன்று ஒட்டாது, வேண்டியதை மட்டும் எடுக்கலாம். பையின்மேல் தேதி எழுத மறக்காதீர்கள்.