நீச்சல் குள ஹீட்டர்: வாங்கும்போதும் ஓட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு, கோவை, ஏற்காடு பக்கம் வீட்டோடு நீச்சல் குளம் கட்டியவர்கள் மார்கழி பிறந்ததும் ஹீட்டர் விசாரிக்கத் தொடங்குவார்கள். "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, ராத்திரியில் குளத்தை மூட ஒரு கவர் இருக்கிறதா என்பதை.

திறந்த குளம் இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஆவியாகியே போகிறது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழமுள்ள குளம் சுமார் 45,000 லிட்டர் பிடிக்கும். ஓர் இரவில் நீர்மட்டம் 5 மில்லிமீட்டர் இறங்கினால் 160 லிட்டர் ஆவியாகிவிட்டது என்று அர்த்தம். அதோடு போன வெப்பம், மொத்தக் குளத்தையும் 2 டிகிரி சூடாக்கப் போதுமானது. காலையில் டைலில் தெரியும் ஈரக் கோட்டைக் கவனித்தாலே இது புரிந்துவிடும். தண்ணீர்மேல் மிதக்கிற சாதாரண குமிழி கவரே இந்த இழப்பைப் பெருமளவு தடுக்கும். கவர் வாங்காமல் பெரிய ஹீட்டர் வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

அடுத்த தவறு, விலையை மட்டும் பார்த்து எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்குவது. இதே குளத்தை 22 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 260 யூனிட் வெப்பம் வேண்டும். நேரடி எலெக்ட்ரிக் ஹீட்டர் அந்த 260 யூனிட்டையும் மீட்டரில் ஏற்றிவிடும். ஹீட் பம்ப் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், நம் ஊர்ப் பகல் காற்றில் 50 முதல் 65 யூனிட்டில் வேலையை முடிக்கும். கேஸ் ஹீட்டர் சீக்கிரம் சூடாக்கும். ஆனால் இந்த ஒரு தடவைக்கே 14.2 கிலோ சிலிண்டர் கணக்கில் ஏறக்குறைய இரண்டு காலியாகும்.

ஹீட் பம்ப் வாங்கும்போது லேபிளில் பெரிய எழுத்தில் உள்ள கிலோவாட்டை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் 26, 27 டிகிரி காற்றில் அளந்தது. 15 டிகிரியில் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளுக்கு அந்த எண்தான் முக்கியம். அப்புறம், மெஷினை மூடிய ஷெட்டுக்குள் வைக்கக் கூடாது. அது வெளியே தள்ளும் குளிர்ந்த காற்றையே திரும்ப இழுக்கும். சூடும் ஏறாது, கரன்ட்டும் வீண்.

12 கிலோவாட் மெஷின் அந்த 260 யூனிட்டைத் தர 22 மணி நேரம் ஓட வேண்டும். ஞாயிறு காலை சுவிட்சைப் போட்டுவிட்டு மத்தியானம் குளிக்க நினைத்தால் நடக்காது. மூன்று, நான்கு நாள் முன்னாலேயே, காற்று சூடாக இருக்கும் காலை 10 முதல் மாலை 5 வரை ஓடும்படி டைமர் வையுங்கள். நீந்துவதற்கு 27, 28 டிகிரி தாராளம். 32 வைத்தால் சீக்கிரம் சூடாகிவிடாது, பில்தான் ஏறும்.

சூடு வரவில்லை என்றதும் ஹீட்டரைக் குறை சொல்கிறோம். பல நேரம் ஃபில்டர் அடைத்து, தண்ணீர் ஓட்டம் குறைந்து, மெஷின் தானாக நின்றிருக்கும். முதலில் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது, செய்து பாருங்கள்.

குளோரின் விஷயத்தில் கவனம் தேவை. வரிசை பம்ப், ஃபில்டர், ஹீட்டர், கடைசியில்தான் குளோரின் ஃபீடர். நீர்மேல் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் குளோரின் மாத்திரை போட்டால், அமிலத் தண்ணீர் நேராக ஹீட்டருக்குள் போய்த் தாமிரக் காயிலை அரிக்கும். குளத்தின் சுவரில் நீலப்பச்சைக் கறை தெரிந்தால் காயில் அரிப்பையும் சந்தேகப்படுங்கள். பிஹெச் 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்பு குளோரினேட்டர் உள்ள குளத்துக்கு டைட்டானியம் காயில்தான் சரி. போர்வெல் தண்ணீர் என்றால் காயிலில் உப்புப் படிகிறதா என்று சீசனுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

மின் இணைப்பை விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் மட்டும் கொடுங்கள். நல்ல எர்த்தும், கரன்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். அது அடிக்கடி டிரிப் ஆனால், தொந்தரவாக இருக்கிறதென்று நேரடியாக லைன் கொடுக்கச் சொல்லாதீர்கள். எங்கோ கரன்ட் கசிகிறது. கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை குளத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகளை.