கண் தெரியாதவங்களுக்கு கூட நடந்து உதவறது எப்படி? முழங்கையில இருந்து ஆரம்பிங்க

பீச் - தாம்பரம் லோக்கல் ட்ரெயின்ல தினமும் போறவங்க பாத்திருப்பீங்க, வெள்ளை ஸ்டிக்கோட ஆபீஸ் போறவங்க, கர்சீப், கடலமிட்டாய் விக்கிறவங்கன்னு பார்வை இல்லாதவங்க நெறைய பேர் அதே கூட்டத்துலதான் ஏறி எறங்குறாங்க. நமக்கு உதவணும்னு மனசு இருக்கு, எப்படின்னு யாரும் சொல்லித்தரல, அதனால டக்குனு கையப் புடிச்சு இழுத்துடுறோம். நானும் இழுத்திருக்கேன். மாம்பலம் படிக்கட்டுல ஒரு அண்ணன் நின்னு, "தம்பி, நீங்க என்னப் புடிக்காதீங்க, நான் உங்களப் புடிச்சிக்கிறேன்"னு சொன்னார். இந்தப் பதிவு மொத்தமும் அந்த ஒரு வார்த்தைதான்.

ஸ்டெப் 1: மொதல்ல வாய், அப்புறம்தான் கை

"சார், உங்க வலது பக்கம் நிக்கிறேன், எங்கயாச்சும் போகணுமா?" இவ்வளவு போதும். சத்தத்துல உங்க பேச்சு அவருக்கா வேற யாருக்கோவான்னு தெரியாது, அதனால பொறங்கையால அவர் கையில லேசா தொட்டுட்டு கேளுங்க. வேணாம்னு சொன்னா சரிங்க சார்னு விட்டுடுங்க, ரோட்டோரம் நிக்கிற எல்லாரும் ரோட்ட கிராஸ் பண்ணத்தான் நிக்கிறாங்கன்னு இல்ல, பஸ்ஸுக்கு நிக்கலாம், யாரோ வரேன்னு சொல்லியிருக்கலாம். கேக்காம ஒரு காசு எடுத்து உள்ளங்கையில வைக்கிறாங்க பாருங்க, வேலைக்குப் போயிட்டிருக்கிற மனுஷன் கையில, அதப் பாக்கவே எனக்கு மனசு கொதிக்கும்.

ஸ்டெப் 2: முழங்கையக் குடுங்க

இதுதான் முக்கியம், நிதானமா படிங்க. உங்க பொறங்கை அவர் கையில படுற மாதிரி நீட்டுங்க, அவரே மேல தடவி வந்து உங்க முழங்கைக்கு கொஞ்சம் மேல புடிச்சிப்பார். இப்ப நீங்க அரை அடி முன்னாடி, அவர் அரை அடி பின்னாடி. நீங்க திரும்புறது, நிக்கிறது, எறங்குறது எல்லாமே உங்க கை வழியா அவருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிடும். நாம அவரப் புடிச்சுத் தள்ளுனா என்ன ஆகும்னா தெரியாத எடத்துல மொதல் காலடிய அவர்தான் வைக்கணும், அந்த பயம் எப்படி இருக்கும்னு வீட்ல கண்ண மூடிக்கிட்டு தம்பி தங்கச்சிய விட்டு முதுகுல தள்ளச் சொல்லிப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துல புரிஞ்சிடும். ஸ்டிக்க மட்டும் தொடவே கூடாது, அத புடிச்சு இழுக்கிறது அவர் கண்ண மூடுற மாதிரி.

குறுகலான வழி வந்தா முழங்கைய உங்க முதுகுப் பக்கம் கொண்டு போங்க, அவர் தானா உங்க பின்னாடி வந்துடுவார். படிக்கட்டுக்கு நேரா நின்னு, "படி மேல போகுது"ன்னோ "கீழ எறங்குது"ன்னோ சொல்லிட்டு ஏறுங்க, முடிஞ்சதும் "அவ்ளோதான், சமதளம்"னு சொல்லுங்க. ட்ரெயின்லயும் பஸ்லயும் ஏறும்போது தூக்கி விடாதீங்க, அவர் கைய கம்பியில வைங்க, மீதிய அவரே பாத்துப்பார். சீட்டும் அதேதான், முதுகு சாயுற எடத்துல கைய வச்சிட்டா போதும், தோளப் புடிச்சு அமுக்கி உக்கார வைக்கிறதெல்லாம் வேணாம்.

ஸ்டெப் 3: "அந்தப் பக்கம்"ங்கிற வார்த்தைய விடுங்க

"தோ அங்க", "இந்தாண்ட" இதெல்லாம் அவருக்கு ஒண்ணுமே சொல்லாது. "உங்க இடது பக்கம் நாலு அடியில தூண் இருக்கு"ன்னு சொல்லுங்க. ஹோட்டல்ல இலைச் சாப்பாடுன்னா எது எங்க வைப்பாங்கன்னு அவருக்கே பழக்கம் இருக்கும், சூடான ரசம் டம்ளர் எந்தப் பக்கம்னு மட்டும் சொன்னா பெரிய உபகாரம். அப்புறம், சர்வர் உங்களப் பாத்து "அவருக்கு என்ன வேணும்"னு கேட்டா நீங்க பதில் சொல்லாம அவர் பக்கம் திரும்புங்க.

காசு விஷயத்துல கொஞ்சம் கவனம். இப்போ இருக்கிற 200 ரூபா நோட்டு 146 மில்லிமீட்டர் நீளம், 500 ரூபா நோட்டு 150, அகலம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். வெறும் 4 மில்லிமீட்டர் வித்தியாசத்த அவர் விரல் அளந்தாகணும். ரிசர்வ் பேங்க் 2020-ல மணின்னு ஒரு ஆப் விட்டாங்க, கேமராவுல காட்டுனா நோட்டு என்னன்னு சொல்லும், ஆனா கூட்டத்துல அத எடுத்துக் காட்டிட்டு நிக்க முடியுமா? மீதி குடுக்கும்போது "இது 200, இது 50"ன்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுங்க.

இன்னொண்ணு, ஸ்டிக் வச்சிருக்கிறவர் போன மூக்குகிட்ட வச்சுப் பாத்தா நடிக்கிறார்னு சொல்லிடாதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில பார்வையே இல்லாதது ஒண்ணு, குறைஞ்ச பார்வை இன்னொண்ணு, தனித்தனியா இருக்கு.

பேசும்போது ரொம்ப பயப்பட வேணாம். "அப்புறம் பாக்கலாம்", "மேட்ச் பாத்தீங்களா" எல்லாம் சாதாரணமா சொல்லலாம், அவங்களும் அப்படித்தான் பேசுவாங்க. "பிறவியிலயே இப்படியா"ன்னு மொத சந்திப்புலயே கேக்கிறதுதான் வலிக்கும்.

ஸ்டெப் 4: சொல்லாம கெளம்பாதீங்க

இதுல நான் பண்ணுன தப்ப சொல்லணும். ஒரு நாள் அந்த அண்ணன பிளாட்பாரத்துல விட்டுட்டு, என் வண்டி வந்துடுச்சுன்னு ஓடிப்போய் ஏறிட்டேன். ஜன்னல் வழியா திரும்பிப் பாத்தா அவர் இன்னும் நான் நின்ன பக்கம் முகத்த வச்சுக்கிட்டு என்கிட்ட பேசிக்கிட்டே இருக்கார். அதுக்கப்புறம் எவ்வளவு அவசரம்னாலும், "அண்ணே நான் கெளம்புறேன், நீங்க இப்ப டிக்கெட் கவுன்டர் பக்கம் பாத்து நிக்கிறீங்க, ட்ராக் உங்க முதுகுப் பக்கம்"னு சொல்லி, அவர் கைய பக்கத்துல இருக்கிற தூண்லயோ பெஞ்சுலயோ வச்சிட்டுத்தான் நகருவேன்.