ஒரு பாப்ஸ்லெட் சாம்பியனின் சாதனைப் பட்டியலை வாசிப்பது எப்படி? ஃபிரான்செஸ்கோ ஃபிரீட்ரிக்கை முன்வைத்து

குளிர்கால ஒலிம்பிக் வரும்போது மட்டும் பாப்ஸ்லெட் என்ற பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தைப் பார்ப்பவர்களுக்கு ஜெர்மனியின் ஃபிரான்செஸ்கோ ஃபிரீட்ரிக் என்ற பெயர் நான்கு தங்கப் பதக்கங்களாகத்தான் நினைவில் நிற்கும். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் இரண்டு, 2022இல் பெய்ஜிங்கில் இரண்டு. பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் தோற்கவே தெரியாத ஒருவர் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பந்தயங்களின் நேரப் பட்டியலை வரிவரியாகப் படித்த பிறகுதான், வளைவுகளில் வண்டியைச் செலுத்தும் கைத்திறனுக்குச் சற்றும் குறையாமல், அதைத் தள்ளுபவர்களைத் தேர்ந்து கூட்டிச் சேர்த்த திறனும் அவருடைய வெற்றிக்குக் காரணம் என்பது புரிந்தது. அந்தப் பட்டியலை எந்த வரிசையில் படிக்க வேண்டும், எந்த எண்ணை நம்பலாம், எந்த எண் ஏமாற்றும் என்பதை அவருடைய வாழ்க்கையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில் விளையாட்டின் அடிப்படையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு இருவர் வண்டி, நால்வர் வண்டி என இரண்டு பிரிவுகள் உண்டு. முன்னால் அமர்ந்து இரண்டு கயிறுகளை இழுத்து வண்டியைத் திருப்புபவர் பைலட். கடைசியாக ஏறி, பந்தயம் முடிந்த பிறகு பிரேக்கை இழுப்பவர் பிரேக்மேன். பிரேக்கை இழுப்பது அவருடைய சிறிய வேலை. வண்டியைத் தொடக்கத்தில் தள்ளி விரட்டுவதுதான் பெரிய வேலை. ஒலிம்பிக்கிலும் உலக சாம்பியன்ஷிப்பிலும் இரண்டு நாள்களில் நான்கு ஓட்டங்கள் நடத்தி, நான்கின் நேரத்தையும் கூட்டுவார்கள். உலகக் கோப்பைப் பந்தயங்களில் இரண்டு ஓட்டங்கள் மட்டுமே. நேரம் நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கப்படுகிறது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அந்த நூறில் ஒரு பங்கு நொடியில் சுமார் 36 சென்டிமீட்டர் நகரும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் எண்கள் எவ்வளவு நெருக்கமானவை என்பது விளங்கும்.

தொடக்க நேரத்தில் இருந்து தொடங்குங்கள்

நேரப் பட்டியலைக் கையில் எடுத்ததும் கடைசி நிரலுக்குத் தாவாமல் முதல் நிரலைப் பாருங்கள். அது தொடக்க நேரம். தள்ளுமரத்திலிருந்து, அதாவது வீரர்கள் காலை ஊன்றித் தள்ளத் தொடங்கும் கட்டையிலிருந்து, 15 மீட்டர் கடந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அடுத்த 50 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதே அந்த எண். பெரும்பாலான தடங்களில் அது ஐந்து நொடியை ஒட்டியே இருக்கும். தொடக்கத்தில் இழந்த பத்தில் ஒரு பங்கு நொடி, கீழே போய்ச் சேரும்போது மூன்று மடங்காகப் பெருகும் என்பது இந்த விளையாட்டில் எல்லோரும் சொல்லும் பேச்சு. தடத்துக்குத் தடம் இது மாறும் என்றாலும், எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டிய கணக்கு இது.

எனவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்த வண்டி தொடக்கத்தில் எத்தனையாவது இடம்? முடிவில் எத்தனையாவது இடம்? தொடக்கத்தில் ஐந்தாவதாக இருந்து முடிவில் முதலாவதாக வந்தால் பைலட் வழியில் சம்பாதித்திருக்கிறார் என்று பொருள். தொடக்கத்தில் முதலாவதாக இருந்து முடிவில் மூன்றாவதாக வந்தால் அவர் வழியில் எதையோ கொட்டிவிட்டிருக்கிறார். ஃபிரீட்ரிக்கின் நல்ல ஆண்டுகளில் இந்த இரண்டு இடங்களும் பெரும்பாலும் அருகருகே, அதுவும் பட்டியலின் உச்சியிலேயே இருப்பதைக் காண்பீர்கள். அவரும் வண்டியைத் தள்ளுபவர்தான். பைலட்டும் ஓடித் தள்ளிவிட்டு முதலில் ஏறிக்கொள்ள வேண்டும். 1990 மே 2 அன்று சாக்சனியிலுள்ள பிர்னா நகரில் பிறந்த அவர், தடகளப் பயிற்சியிலிருந்து பாப்ஸ்லெட்டுக்கு வந்தவர் என்பது இங்கே பொருத்தமான செய்தி.

பின்னால் இருப்பவர்களின் பெயரைப் படியுங்கள்

செய்தித்தாள்கள் பைலட்டின் பெயரை மட்டும் போடும். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். இருவர் வண்டியும் வீரர்களும் சேர்ந்து 390 கிலோவுக்கு மேல் போகக் கூடாது; வண்டியின் எடை மட்டும் 170 கிலோவுக்குக் குறையக் கூடாது. மீதமிருப்பது 220 கிலோ, ஆளுக்கு 110. நால்வர் வண்டியில் மொத்த வரம்பு 630, வண்டியின் குறைந்த எடை 210. ஆக ஆளுக்கு 105. நூறு கிலோவைத் தாண்டிய உடலோடு குறுந்தூர ஓட்டக்காரரைப் போல ஓடக்கூடியவர் யார் என்ற தேடலே ஜெர்மன் பாப்ஸ்லெட்டின் பாதி வேலை. அந்தத் தேடல் பெரும்பாலும் தடகளத் திடல்களில்தான் நடக்கிறது.

ஃபிரீட்ரிக்கின் 2018 நால்வர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். தோர்ஸ்டன் மார்கிஸ் முன்பு பத்துப் போட்டிகள் கொண்ட டெகாத்லான் வீரர். காண்டி பாவர் முன்பு குண்டு எறிதல் வீரர். மார்ட்டின் குரோட்கோப் 400 மீட்டர் ஓட்டக்காரர். 2009இல் பெர்லினில் நடந்த உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில் ஜெர்மனியின் தொடர் ஓட்ட அணியில் ஓடியவர். வெடித்துக் கிளம்பும் வலிமை, எடை, நீடிக்கும் வேகம் ஆகிய மூன்றும் ஒரே வண்டிக்குப் பின்னால் சேர்ந்திருப்பதை இந்தப் பின்னணியிலிருந்தே ஊகிக்கலாம். 2022இல் குரோட்கோப்பின் இடத்தில் அலெக்சாண்டர் ஷூலர் வந்தார். மார்கிஸும் பாவரும் தொடர்ந்தார்கள்.

இன்னொரு பயிற்சியும் செய்து பாருங்கள். ஃபிரீட்ரிக்கின் நான்கு ஒலிம்பிக் தங்கங்களிலும் வண்டியில் இருந்தவர்கள் யார் என்று எழுதினால், எல்லாவற்றிலும் வருவது மார்கிஸ் ஒருவரே. ஆகவே அவரிடமும் நான்கு தங்கங்கள் உள்ளன. இதே கணக்கை ஆந்த்ரே லாங்கே என்ற முந்தைய ஜெர்மன் பைலட்டுக்கும் போடலாம். அவர் 2002இல் நால்வர், 2006இல் இரண்டு பிரிவுகளும், 2010இல் இருவர் என நான்கு தங்கங்கள் வென்றவர். நான்கிலும் உடன் இருந்தவர் கெவின் குஸ்கே. அதே குஸ்கே, 2018இல் நிக்கோ வால்ட்டரின் நால்வர் வண்டியில் ஏறி, ஃபிரீட்ரிக்குக்கு எதிராகப் போட்டியிட்டு வெள்ளி வென்றார். பைலட்டின் பெயரை மட்டும் படிப்பவருக்கு இந்த இழை கண்ணிலேயே படாது.

தடத்தின் பெயரை மறக்காதீர்கள்

தடத்தைச் சொல்லாமல் வெற்றியைச் சொல்வது பாதிக் கதை. ஜெர்மனியில் ஆல்ட்டன்பெர்க், வின்டர்பெர்க், ஓபர்ஹோஃப், கோனிக்சே என நான்கு செயற்கைப் பனித்தடங்கள் உருவாக்கப்பட்டன. கோனிக்சே 2021 ஜூலை வெள்ளத்தில் கடுமையாகச் சேதமடைந்தது. ஃபிரீட்ரிக்கின் சொந்தத் தடம் ஆல்ட்டன்பெர்க். அவருடைய ஓபர்பேரன்பூர்க் கழகமும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்ததே. ஒரு தடத்தில் நூற்றுக்கணக்கான முறை இறங்கியவருக்கும் பந்தய வாரத்தில் சில பயிற்சி ஓட்டங்கள் மட்டும் கிடைத்தவருக்கும் உள்ள வேறுபாட்டை எந்த வண்டியாலும் ஈடுகட்ட முடியாது.

இருவர் வண்டியில் அவர் 2013, 2015, 2016, 2017, 2019, 2020, 2021 என ஏழு உலக சாம்பியன் பட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றார். இடையில் 2014உம் 2018உம் விடுபட்டிருப்பதைப் பார்த்து அவர் தோற்றார் என்று எண்ணிவிட வேண்டாம். ஒலிம்பிக் நடக்கும் ஆண்டில் இந்த ஆண்கள் பிரிவுகளுக்கு உலக சாம்பியன்ஷிப் நடத்தப்படுவதில்லை. இப்போது ஏழுக்கும் பக்கத்தில் இடத்தின் பெயரை எழுதுங்கள். வின்டர்பெர்க், கோனிக்சே, ஆல்ட்டன்பெர்க், மீண்டும் ஆல்ட்டன்பெர்க் என நான்கு ஜெர்மனியில் வந்தவை. கடைசியாகச் சொன்னது லேக் பிளாசிடில் நடக்க வேண்டியதாக இருந்து, பெருந்தொற்றின் காரணமாக மாற்றப்பட்டது. சந்தேகப் பேர்வழி இங்கேயே நிறுத்தி, சொந்த மண்ணின் உதவி என்று சொல்லிவிடலாம்.

மீதி மூன்றைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நிற்காது. 2013 பட்டம் செயின்ட் மோரிட்ஸில் கிடைத்தது. அது குளிரூட்டும் குழாய் இல்லாமல் ஒவ்வோர் ஆண்டும் இயற்கைப் பனியாலேயே கட்டப்படும் தடம், அதில் வண்டியை வழுக்கவிட்டு ஓட்டும் மென்மை தேவை. 2016 பட்டம் இன்ஸ்ப்ரூக்கின் ஈகில்ஸ் தடத்தில். அங்கே வளைவுகள் எளியவை, எனவே தள்ளும் வேகம்தான் பெரும்பாலும் முடிவை எழுதும். 2019 பட்டம் கனடாவின் விஸ்லரில்; மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் அந்தத் தடத்தில் சிறு பிழையும் வண்டியைக் கவிழ்த்துவிடும். மூன்று தடங்களும் மூன்று வேறு தேர்வுகள். 2013இல் முதல் பட்டத்தை யானிஸ் பேக்கருடன் வென்றபோது அவருக்கு வயது 22 மட்டுமே என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தோல்வியை ஒரு பக்கத்தில் தனியாக எழுதுங்கள்

உலக சாம்பியனாகப் போன ஃபிரீட்ரிக், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் இருவர் வண்டியில் எட்டாவது இடமே பிடித்தார். அவர் ஒருவர் மட்டும் தவறவில்லை. அந்த ஒலிம்பிக்கில் ஜெர்மன் பாப்ஸ்லெட்டுக்கு ஒரு பதக்கமும் இல்லை. பிறகு அந்நாட்டில் வண்டிகளின் தரம் குறித்துக் கடுமையான விவாதம் எழுந்தது. ஒரு வீரரின் பட்டியலில் இத்தகைய ஆண்டு வந்தால், அதே நாட்டின் மற்ற வண்டிகள் எங்கே முடித்தன என்பதைக் கட்டாயம் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து சரிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் வண்டியிலும், அதன் அடியில் பனிமேல் சறுக்கும் உருக்கு ரன்னரிலும் இருக்கும். ஒருவர் மட்டும் சரிந்திருந்தால் கண்ணை அவர்மேல் திருப்பலாம். ரன்னரைச் சூடாக்கி வேகம் திருடுவதைத் தடுக்கவே அதன் வெப்பநிலையை அளந்து பார்க்கும் விதியும் இருக்கிறது என்பது, உருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் போதிய சான்று.

தோல்வி என்றதும் சக ஜெர்மன் பைலட் யோஹானஸ் லோக்னரின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 2017இல் கோனிக்சேயில் நால்வர் வண்டிப் பட்டத்தை இருவரும் நூறில் ஒரு பங்கு நொடிகூட வேறுபடாமல் பகிர்ந்துகொண்டனர். 2023இல் செயின்ட் மோரிட்ஸில் லோக்னர் இருவர் வண்டிப் பட்டத்தைப் பறித்தார். அதே வாரங்களில் நால்வர் பட்டம் ஃபிரீட்ரிக்கிடம் போனது. ஒரு சாம்பியனின் உயரத்தை அளக்க, அவருக்கு எதிரே நின்றவரின் உயரத்தையும் அளக்க வேண்டியிருக்கிறது; இருவரும் ஒரே நாட்டவர் என்பதால் அந்தப் போட்டி வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

சமநிலைப் பந்தயங்களைக் கூடுதல் கவனத்துடன் பாருங்கள்

கடைசி ஓட்டத்தில் இறங்கும் வரிசை தலைகீழானது: முன்னிலையில் இருப்பவர் கடைசியில்தான் இறங்குவார். ஆகவே நீங்கள் நேரலையைப் பார்க்கும்போது திரையில் தெரியும் முதலிடத்தை நம்பாதீர்கள். இன்னும் இறங்க வேண்டியவர்களின் மொத்த நேரத்தைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

2018 பியோங்சாங் இருவர் வண்டிப் போட்டியை இந்த முறையில் பார்த்தால்தான் ருசி புரியும். நான்கு ஓட்டங்களுக்குப் பின் ஃபிரீட்ரிக், மார்கிஸ் இணையின் மொத்த நேரம் 3 நிமிடம் 16.86 நொடி. பிறகு இறங்கிய கனடாவின் ஜஸ்டின் கிரிப்ஸ், அலெக்சாண்டர் கோபாச் இணையின் வண்டி கீழே வந்து நின்றபோது பலகையில் தெரிந்ததும் அதே 3:16.86தான். மொத்தம் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் சறுக்கிய பிறகும் இரு வண்டிகளுக்கும் இடையே பலகையால் காட்ட முடிந்த வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டு அணிகளுக்கும் தங்கம் தரப்பட்டது. மூன்றாவதாக வந்த லாட்வியாவின் வண்டிக்கும் தங்கத்துக்கும் இடைவெளி 0.05 நொடி மட்டுமே. 1998 நாகானோவிலும் இத்தாலியும் கனடாவும் இதே பிரிவில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டிருக்கின்றன.

அடுத்த சில நாள்களிலேயே நடந்த நால்வர் பிரிவின் தாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவர் வண்டியில் மயிரிழையும் மிஞ்சாமல் தப்பியவர், நால்வர் வண்டியில் அரை நொடிக்கும் அதிகமான இடைவெளியில் வென்றார். இந்த முறை வெள்ளியை வால்ட்டரின் ஜெர்மன் வண்டியும் தென்கொரிய வண்டியும் பகிர்ந்துகொண்டன. ஒரே தடம், ஒரே பைலட், இவ்வளவு வேறுபட்ட இடைவெளி: பின்னால் தள்ளிய மூவரைப் பற்றி மேலே சொன்னதை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பாருங்கள்.

முடிவாக, கையில் எழுதிப் பழக 2022 பெய்ஜிங் பட்டியலைப் பரிந்துரைக்கிறேன். யான்சிங் தடத்தில் 16 வளைவுகள். அவற்றுள் ஒன்று முழு வட்டமாகச் சுற்றி வருவது. இருவர் பிரிவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் ஜெர்மனிக்கே போயின: ஃபிரீட்ரிக், லோக்னர், கிறிஸ்டோஃப் ஹாஃபர். நால்வர் பிரிவில் முதல் நாள் முடிவில் முன்னிலையில் இருந்தவர் லோக்னர். ஒரு தாளில் நான்கு நிரல்கள் போட்டு, ஒவ்வோர் ஓட்டத்திலும் இருவருடைய தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் எழுதுங்கள். பிறகு ஓட்டத்துக்கு ஓட்டம் இடைவெளி எங்கே அடைபட்டது, எங்கே திறந்தது என்று கோடிட்டுக்கொண்டு, இரண்டாம் நாள் காலை ஓட்டத்தில் இருந்து தேடத் தொடங்குங்கள்.