பெரிய திரையில் படம் பார்க்க டிக்கெட் போடும் முன்

"படம் பார்க்க ஆந்திரா வரைக்கும் போகணுமாடா?" என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். சூலூர்பேட்டை ஒன்றும் தூர தேசம் இல்லை. சென்னையிலிருந்து வடக்கே, கும்மிடிப்பூண்டி தாண்டி, ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் திரும்புகிற ஊர், ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அங்கே 2019இல் திறந்த வி எபிக் தியேட்டரின் திரை சுமார் 100 அடி அகலம், 54 அடி உயரம். எங்கள் தெருவில் ஒரு நாலு மாடி வீடு இருக்கிறது, அதன் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை சேர்த்தாலும் அந்த உயரம் வராது. படம் முடிந்து வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "கடலுக்குள்ள இறங்கி நின்ன மாதிரி இருந்துச்சுடா."

அவளுக்கு அப்படி இருந்ததற்குத் திரையின் அளவு பாதிக் காரணம்தான். எங்கே உட்கார்ந்தோம், எந்த ஷோவுக்குப் போனோம் என்பதும் அதில் சேரும். காசைக் கொட்டி ஐமேக்ஸ் என்ற பெரிய திரை அரங்கில் பார்த்துவிட்டு "பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியல" என்று சொல்லும் நண்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை சீட். பல வருடங்களுக்கு முன் ஒரு மல்டிபிளெக்ஸில், கிடைத்ததே போதும் என்று முன்னாலிருந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். குளோசப் வந்தால் ஒரு கண்ணைப் பார்க்க இடது பக்கம், இன்னொரு கண்ணைப் பார்க்க வலது பக்கம் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது, இரண்டு நாள் கழுத்து வலி. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் இதற்கு நேர்மாறான நஷ்டம். சாதாரண தியேட்டரில் பழகிய பழக்கத்தில் நம் ஆட்கள் பின்னாலேயே போய் உட்காருவார்கள், அங்கிருந்து பார்த்தால் எந்தப் பெரிய திரையும் ஓரளவு சுருங்கித்தான் தெரியும்.

இதற்கு நான் வைத்திருக்கும் அளவு, சாண். சீட்டில் உட்கார்ந்து, திரையை நோக்கிக் கையை நேராக நீட்டி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரியுங்கள். அந்த ஒரு சாண் நம் பார்வையில் சுமார் 20 டிகிரி. திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டரை முதல் மூன்று சாண் வந்தால் அதுதான் இடம். இரண்டுக்குக் குறைந்தால் பக்கத்துத் தெரு தியேட்டரிலேயே பார்த்திருக்கலாம். நாலைத் தாண்டினால் கழுத்து போய்விடும். டிக்கெட் போடும்போது சாண் போட முடியாது, சரி, அதற்கு எளிய கணக்கு: திரை எவ்வளவு அகலமோ ஏறத்தாழ அதே தூரத்தில், அல்லது அதைவிடக் கொஞ்சம் முன்னால் உட்காருங்கள். பெரும்பாலான ஐமேக்ஸ் அரங்குகளில் இது பின்பாதியில், கடைசி இரண்டு மூன்று வரிசைகளுக்கு முன்னால் வரும். முன்வரிசையிலிருந்து எண்ணினால் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நட்டநடுவில். சத்தத்தைச் சரிபார்த்து அமைப்பவர்களும் பெரும்பாலும் இந்தப் பகுதியில் உட்கார்ந்துதான் அளப்பார்கள், ஆக கண்ணுக்கும் காதுக்கும் ஒரே சீட்டு.

புக்கிங் ஆப்பில் ஒன்றைக் கவனியுங்கள். சில தியேட்டரில் 'ஏ' வரிசை திரைக்கு முன்னால் இருக்கும், சிலவற்றில் கடைசியில் இருக்கும். எழுத்தைப் பார்க்காதீர்கள், படத்தில் திரை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறது என்று பார்த்து எண்ணுங்கள். நடு சீட் இல்லையென்றால் ஓரத்தில் போய் உட்காருவதைவிட அடுத்த ஷோவுக்குப் போவது நல்லது. வளைந்த திரையில் ஓரத்திலிருந்து பார்த்தால் நேர்கோடுகள் கோணிக்கொண்டு தெரியும், சத்தமும் பக்கத்தில் இருக்கும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

அப்புறம் படம். எல்லாப் படமும் பெரிய திரையை நிரப்பாது. நம்மூர்ப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப்பில், அதாவது உயரத்தைப்போல 2.39 மடங்கு அகலத்தில் வருகின்றன. 100 அடி அகலத் திரையில் ஸ்கோப் படம் ஓடினால் உயரம் சுமார் 42 அடிதான், மேலும் கீழும் ஆறு ஆறு அடி கறுப்பாகவே நிற்கும். அதுவும் பிரமாதமாகத்தான் இருக்கும், ஆனால் முழுத் திரையும் நிறைவது வேறு அனுபவம். ஐமேக்ஸுக்கென்றே எடுக்கப்பட்ட காட்சிகள் உள்ள படமா என்று விளம்பரத்தில் பாருங்கள். அப்படிப்பட்ட படத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டை சட்டென்று விலகி, வானமும் தரையும் சேர்ந்து விரியும். யாரும் சொல்லாமலே அரங்கு முழுக்க நிமிர்ந்து உட்காரும். அந்த ஒரு கணத்துக்காகவே நான் டிக்கெட்டுக்குக் கூடுதல் காசு தருவேன்.

ஐமேக்ஸ் என்ற பெயர் கனடாவில் பிறந்தது. முதல் ஐமேக்ஸ் படம் 1970இல் ஜப்பானின் ஒசாகா கண்காட்சியில் காட்டப்பட்டது. அந்த நாளில் 70 மில்லிமீட்டர் ஃபிலிமைப் படுக்கைவாக்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஃபிலிம் ஓரத்துத் துளைகளில் 15 துளை அளவு இடம் கொடுத்தார்கள், படம் ஏறக்குறைய சதுரத்தை நெருங்கும் உயரத்தில் இருந்தது. இப்போது சென்னையில் வேளச்சேரி லக்ஸ், வடபழனி பலாஸோ ஆகிய இடங்களில் நாம் பார்ப்பது டிஜிட்டல் ஐமேக்ஸ். திரை அகலம் உயரத்தைப்போல 1.90 மடங்கு. அந்தப் பழைய உயரம் இங்கே கிடைக்காது, அதற்காக இதை விட்டுவிட வேண்டியதில்லை. சூலூர்பேட்டையில் இருக்கும் எபிக் என்பது வேறு, சென்னையைச் சேர்ந்த கியூப் நிறுவனத்தின் பெரிய திரை அமைப்பு. கோவைக்காரர்களுக்கு அதிர்ஷ்டம், பிராட்வே சினிமாஸில் ஐமேக்ஸ், எபிக் இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

ஐமேக்ஸா, டால்பி அட்மாஸ் ஒலி உள்ள வேறு அரங்கா என்றால், நான் சத்தத்தை வைத்து முடிவு செய்வேன். ஐமேக்ஸ் தன் சொந்த ஒலி அமைப்பை வைத்திருக்கிறது, நெஞ்சில் இடிக்கிற சத்தம். டால்பி அட்மாஸ் 2012இல் வந்தது, கூரையிலும் ஸ்பீக்கர் வைத்து, 128 ஒலித்தடங்கள் வரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்தையும் அரங்கில் அதற்குரிய இடத்தில் கொண்டுபோய் வைக்கும். மழை, காடு, கிசுகிசுப்பு என்று நுணுக்கமாக ஒலி செய்த படத்துக்கு நல்ல அட்மாஸ் அரங்குதான் என் விருப்பம். மழை தொடங்கும் காட்சியில் முதல் துளி தலைக்குப் பின்னால் மேலே விழுவதைக் கேட்டு, எனக்கு முன் வரிசையில் ஒரு சின்னப் பையன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். அவன் அப்பாவும் பார்த்தார்.

3டி பற்றி: கண்ணாடி போட்டதும் திரையிலிருந்து வரும் வெளிச்சத்தில் பாதிக்கும் மேல் போய்விடும். லேசர் புரொஜெக்டர் உள்ள அரங்கென்றால் சமாளிக்கலாம். பழைய விளக்கு ஓடும் அரங்கில் இருட்டுக் காட்சிகள் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். 2டி ஷோ இருந்தால் அதற்கே போங்கள். 3டிதான் வேண்டும் என்றால் கண்ணாடியை வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரல் ரேகையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள்? முதல் நாள் முதல் ஷோ ஒரு திருவிழா, விசில், காகிதம் பறப்பது எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் படத்தையும் ஒலியையும் முழுசாக வாங்க வேண்டுமென்றால் திங்களுக்கு அப்புறம் ஒரு காலை ஷோ. ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது. ஐமேக்ஸ் திரைகள் கொஞ்சம்தான், அடுத்த பெரிய படம் வந்தால் நீங்கள் பார்க்க நினைத்தது அங்கிருந்து போய்விடும், ஊரில் வேறு முப்பது திரைகளில் ஓடிக்கொண்டிருந்தாலும்.

சூலூர்பேட்டைக்குக் கிளம்புகிறவர்களுக்கு மட்டும் சில வார்த்தைகள். மொழியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள், அது ஆந்திரா, தமிழ்ப் படமே தெலுங்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். காரில் போனால் நேரே ஜி.என்.டி. சாலைதான். ரயிலென்றால் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி தடத்தில் சூலூர்பேட்டை வரை போகும் மின்ரயில்கள் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் போகாது. திரும்பி வரும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் ஷோவைத் தேர்ந்தெடுங்கள். ராத்திரி ஷோ என்றால் கார்தான் சரி. பெரியவர்களைக் கூட்டிப்போனால் ஒரு சால்வை வையுங்கள், ஏசி குளிரும். குழந்தைகளுக்குக் காதில் பஞ்சு. குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் காலையிலேயே கிளம்பி, பக்கத்தில் நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்தைப் பார்த்துவிட்டு மதிய ஷோவுக்கு வந்து சேரலாம். நாங்கள் அம்மாவோடு அப்படித்தான் போனோம், டிபன் பாக்ஸில் புளியோதரையோடு.